பத்து டாலர் வக்கீல்: அமெரிக்க இயலாமைக் காப்பீட்டில் சட்ட உதவியும் அதன் கூலியும்

போரில் காயம்பட்ட சிப்பாய்க்கு ஓய்வூதியம் வாங்கித் தரும் வக்கீலோ முகவரோ பத்து டாலருக்கு மேல் கூலி கேட்கக் கூடாதென்று 1864இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த சட்டத்தில் அந்த வரம்பு ஐந்து டாலராக இருந்தது. உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அந்தச் சிப்பாய்களும் அவர்களுடைய பிள்ளைகளும் காலமானார்கள். இடையில் இரண்டு உலகப் போர்கள் வந்துபோயின. நடுவே சில விலக்குகள் வந்தாலும் பத்து டாலர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1985இல் வால்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, பத்து டாலருக்கு ஒரு வக்கீலிடம் கால் மணி நேரம் பேசுவதே பெரிய காரியம்.

இயலாமை உதவித்தொகையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயலாமை என்பதன் வரையறையையும் மருத்துவச் சான்றையும் பற்றிக்கொண்டே போகிறார்கள். இக்கட்டுரை வக்கீலின் கூலியைப் பற்றிக்கொண்டு போகிறது. ஒருவருக்குச் சட்ட உதவி எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதை அவருடைய நோயோ வறுமையோ தீர்மானிப்பதில்லை; வக்கீலுக்குக் கூலி எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. சொல்லாட்சி பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இன்று ‘மாற்றுத்திறனாளி’ என்பதே வழக்கு. ஆனால் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பேசுவது உடற்குறையைப் பற்றி அல்ல, சம்பாதிக்க முடியாமையைப் பற்றி. எனவே இங்கு ‘இயலாமை’ என்றே எழுதுகிறேன்.

கூலிக்கு வரம்பு கட்டும் எண்ணம் சும்மா வந்ததல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின் வாஷிங்டனில் ஓய்வூதிய முகவர் தொழில் பெரும் வியாபாரமாகியிருந்தது. ஜார்ஜ் லெமன் என்ற முகவர் 1877இல் ‘நேஷனல் டிரிப்யூன்’ என்ற பத்திரிகையையே தொடங்கி, முன்னாள் சிப்பாய்களிடையே ஓய்வூதியக் கிளர்ச்சியையும் தம் தொழிலையும் ஒருசேர வளர்த்தார். 1879இல் வந்த நிலுவைச் சட்டம், இராணுவத்திலிருந்து விடுபட்ட நாள்முதல் கணக்கிட்டு மொத்தமாகப் பணம் தர வழிசெய்ததும் மனுக்கள் குவிந்தன. 1890களின் தொடக்கத்தில் கூட்டரசின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஓய்வூதியங்களுக்கே போனதைத் தீடா ஸ்காச்போல் 1992இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். முகவர் என்றாலே அட்டை, ஒட்டுண்ணி என்ற பேச்சு அப்போது வேரூன்றியது. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரை நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படித்தான்: அவர் இல்லாமலும் ஆகாது, அவரை நம்பவும் முடியாது.

இந்தச் சந்தேகம் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. 1935இல் பிறந்த அச்சட்டத்தில் 1939இல் சேர்ந்த 206ஆம் பிரிவு, மனுதாரர் சார்பில் யார் வரலாம், அதிகபட்சம் எவ்வளவு கூலி வாங்கலாம் என்று விதிக்கும் அதிகாரத்தை நிர்வாகத்துக்குத் தந்தது. அப்போது இயலாமைக் காப்பீடே கிடையாது. அது வந்தது 1956இல். மேலவையில் 47க்கு 45 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்து வந்தது. அதுவும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு மட்டுமே. 1960இல்தான் வயது வரம்பு நீங்கியது.

வக்கீலுக்கு உண்மையான வேலை உண்டானது அதே 1960இல். கெர்னர் வழக்கில் நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லி இரண்டு கேள்விகளை வைத்தார். இந்த மனிதரால் என்ன செய்ய முடியும்? அப்படிச் செய்யக்கூடியவருக்கு என்ன வேலை இருக்கிறது? முதல் கேள்வியோடு நின்றிருந்தால் மருத்துவரின் கடிதம் போதும். இரண்டாவது கேள்விக்குத் தொழிற்சந்தையை அறிந்த நிபுணரும் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவரும் வேண்டும். வக்கீலின் இடம் மருத்துவமனையில் உருவாகவில்லை. ‘வேறு வேலை’ என்ற அந்தச் சொல்லில்தான் உருவானது. அரசுத் தரப்பு நிபுணர்கள் பல்லாண்டுகள் நம்பியிருந்த தொழிற்பெயர் அகராதி 1991க்குப் பின் திருத்தப்படவேயில்லை. கொட்டைகளைத் தரம் பிரிப்பவர், முட்டை பதப்படுத்துபவர் போன்ற வேலைகளைக் காட்டி மனுக்களை மறுக்கும் வழக்கத்தை நிர்வாகம் கைவிட்டது 2024இல்தான்.

1965ஆம் ஆண்டுத் திருத்தமே இந்த வரலாற்றின் திருப்பம். நீதிமன்றத்தில் வென்றுதரும் வக்கீல்கள் நிலுவைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிகூட எடுத்துக்கொள்கிறார்கள் என்ற முறையீடு நாடாளுமன்றத்துக்குப் போனது. வழக்கு இழுக்க இழுக்க வக்கீலின் பங்கு பெருகுகிறது என்ற கவலையும் அப்போதே பதிவானது. தீர்வாக, நிலுவையில் 25 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாதென்று சட்டம் சொன்னது. அந்தப் பங்கை நிர்வாகமே பிடித்து வக்கீலிடம் நேரே கொடுக்கவும் வழிவைத்தது. இரண்டு ஆண்டுகளில் இந்த நேரடிப் பட்டுவாடா நிர்வாக மட்டத்து விசாரணைகளுக்கும் நீண்டது. பத்து டாலர் சட்டம் வக்கீலை வாசலிலேயே நிறுத்தியது என்றால், இந்தச் சட்டம் அவரை உள்ளே அழைத்தது. ஆனால் உட்காரச் சொன்ன இடம் நிலுவையின் பக்கத்தில்.

அதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் பார்க்கலாம். மாதம் 1,200 டாலர் பெறத் தகுதியுள்ள ஒருவர், வேலையை விட்ட கையோடு விண்ணப்பிக்கிறார். முதல் ஐந்து மாதங்களுக்குச் சட்டப்படி தொகை இல்லை. ஆறாவது மாதத்திலேயே ஒப்புதல் வந்தால் நிலுவை என்று சொல்ல ஒன்றும் தேறாது. வக்கீலுக்குக் கூலியும் இல்லை. மறுப்பு, மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதியின் விசாரணை என்று இழுத்து 25ஆம் மாத முடிவில் ஒப்புதல் வந்தால் நிலுவை 24,000 டாலர். அதில் கால் பங்கு 6,000. வக்கீல் பேராசைக்காரராக இருக்க வேண்டியதில்லை. வாடகை கொடுக்க வேண்டியவராக இருந்தாலே போதும், முதல் கட்டத்தில் கதவைத் தட்டும் மனுதாரரிடம் ‘மறுத்தால் வாருங்கள்’ என்றுதான் சொல்வார். வறியோருக்கான துணைவருமானத் திட்டத்தின் நிலை இதைவிட மோசம். 1974இல் நடைமுறைக்கு வந்த அத்திட்டத்தில் கூலியைப் பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடு 2004ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இல்லை. வறியவரின் வழக்கை எடுத்தவர் கூலியை வறியவரிடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

1976இல் மேத்யூஸ்–எல்ட்ரிஜ் வழக்கு வேறொரு பக்கத்தைக் காட்டியது. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் எல்ட்ரிஜுக்கு 1968 முதல் வந்துகொண்டிருந்த தொகை, ஒரு வினாத்தாளுக்கும் மருத்துவர் அறிக்கைகளுக்கும் பின் 1972இல் நிறுத்தப்பட்டது. நிறுத்துவதற்கு முன் நேரில் விசாரிக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை. வினாத்தாள் தெளிவானது, நிரப்பத் தெரியாவிட்டால் உள்ளூர் அலுவலகம் உதவும், இயலாமையை மருத்துவ ஆவணமே சொல்லிவிடும் என்பது அதன் வாதம். நீதிபதி பிரென்னனின் மறுப்புரையோ, எல்ட்ரிஜின் வீடு கடனுக்குப் போனதையும், தட்டுமுட்டுச் சாமான்களைக் கடைக்காரர்கள் எடுத்துச்சென்றதையும், குடும்பமே ஒரு கட்டிலில் படுத்ததையும் பதிவுசெய்கிறது. காகிதம் பேசும், ஆளுக்குத் துணை வேண்டாம் என்ற பெரும்பான்மையின் நம்பிக்கைக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே சோதனை வந்தது.

1981 முதல் நிர்வாகம் பயனாளிகளின் கோப்புகளைப் பெருமளவில் மறுஆய்வு செய்யத் தொடங்கியது. மூன்றாண்டுகளில் ஐந்து லட்சத்தை நெருங்கும் பேருக்கு நிறுத்த அறிவிப்பு போனது. மேல்முறையீடு செய்தவர்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் தொகையைத் திரும்பப் பெற்றார்கள். அறிவிப்பு போன சமயத்தில்தான் ஏழைகளுக்கான சட்டப்பணிக் கழகத்தின் ஒதுக்கீடு 1981இல் இருந்த 32.1 கோடி டாலரிலிருந்து 1982இல் 24.1 கோடியாக வெட்டப்பட்டது. கூலி எதிர்பார்க்காத வக்கீல்களின் எண்ணிக்கை குறைந்த வேளையில் அவர்களைத் தேடுவோர் எண்ணிக்கை கூடியது.

அதோடு ஒரு முரண். மக்கள் படும் பாட்டைக் கண்டு நாடாளுமன்றம் 1983இல், மேல்முறையீட்டில் நீதிபதி முடிவு சொல்லும்வரை தொகை தொடரலாம் என்று சட்டம் செய்தது. பயனாளிக்கு அது உயிர்நாடி. ஆனால் தொகை தொடர்ந்தால் நிலுவை சேராது. நிலுவை சேராவிட்டால் கால் பங்கு ஏது? பாதுகாப்புச் சட்டமே வக்கீலை விலக்கிவைக்கும் சட்டமாகவும் ஆனது. இப்படி விளையும் என்று எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒதுக்கீடு குறைந்த சட்டப்பணி வக்கீல்களும் கூட்டு வழக்குகளும் மாநில ஆளுநர்களின் எதிர்ப்பும் சேர்ந்து 1984ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை.

அதே காலத்தில் நிர்வாகம் தன் பக்கத்துக்கும் ஒரு பிரதிநிதியை விசாரணையில் உட்கார வைத்துப் பார்த்தது. மனுதாரருக்கு வக்கீல் இருக்கும்போது அரசுக்கு இருக்கக் கூடாதா என்பது வாதம். வர்ஜீனியாவின் மேற்கு மாவட்ட நீதிமன்றம் 1986இல் அந்தச் சோதனையை முறையற்றது என்று தடுத்தது. மறு ஆண்டு அது கைவிடப்பட்டது.

1990இல் நடைமுறை எளிதானது. மணிக்கணக்கை எழுதி மனுப்போட்டுக் கூலிக்கு அனுமதி கேட்பதற்குப் பதிலாக, 25 விழுக்காடு அல்லது 4,000 டாலர், எது குறைவோ அது என்ற ஒப்பந்தம் போதும் என்றாயிற்று. அந்த உச்சவரம்பு 2002இல் 5,300, 2009இல் 6,000, 2022இல் 7,200, 2024இல் 9,200 என்று ஏறியது. கூலி நிச்சயமானதும் தொழில் பெருகியது. வக்கீல்கள் விளம்பரம் செய்ய 1977லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்திருந்ததால் பகல்நேரத் தொலைக்காட்சி முழுக்க இவர்கள்தான். லெமனின் பத்திரிகைக்கும் இதற்கும் நூறாண்டு இடைவெளி, உத்தி ஒன்றே.

பழைய சந்தேகத்துக்குப் புதிய முகம் கொடுத்தவர் கென்டக்கியின் வக்கீல் எரிக் கான். பொய்யான மருத்துவச் சான்றுகளையும், லஞ்சம் வாங்கிய ஒரு நீதிபதியையும் கொண்டு அவர் நடத்திய மோசடியால் 55 கோடி டாலருக்கு மேல் பொறுப்பு ஏறியது. 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தப்பியோடி, அந்த ஆண்டு டிசம்பரில் ஹோண்டுராசில் பிடிபட்டார். செய்திகள் அத்தோடு முடிந்தன; அவருடைய கட்சிக்காரர்களின் கதை முடியவில்லை. உண்மையாகவே நோயுற்றிருந்த நூற்றுக்கணக்கானோர், தங்கள் கோப்பிலிருந்த சான்றுகள் ஒதுக்கப்பட்ட நிலையில், மீண்டும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்காக வாதாடியவர்கள் பெரும்பாலும் கூலி வாங்காத வக்கீல்கள். சான்றை மறுத்துப் பேசும் வாய்ப்பைத் தராதது முறைகேடு என்று 2018இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவி உண்மையில் பலன் தருகிறதா? கூட்டரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விசாரணைக் கட்டத்தில் பிரதிநிதி உள்ளவர்கள் ஒப்புதல் பெறும் விகிதம் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. வெல்லக்கூடிய வழக்கையே வக்கீல் எடுப்பார். ஹாய்ன்ஸ், மாயெஸ்டாஸ், ஸ்ட்ராண்ட் ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு அந்தத் தேர்வைக் கழித்துப் பார்க்க முயல்கிறது. முதல் கட்டத்திலேயே வக்கீல் வந்தால், எப்படியும் மேல்முறையீட்டில் வென்றிருக்கக்கூடியவர்கள் முன்னதாகவே பெறுகிறார்கள், ஆதாரமற்ற மேல்முறையீடுகள் குறைகின்றன, மொத்தக் காலம் ஏறத்தாழ ஓராண்டு சுருங்குகிறது என்பது அதன் முடிவு. ஆக, எந்த இடத்தில் உதவி அதிகம் பயன்படுமோ அந்த இடத்தில்தான் கூலி குறைவு. அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது ‘சோர்’ என்ற திட்டம்: வீடற்றவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் முதல் விண்ணப்பத்தையே ஒழுங்காகத் தயாரித்துத் தர, வக்கீல் அல்லாத சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கிறது.

மற்றவர்கள் தனியாகத்தான் நிரப்புகிறார்கள். முதல் கட்டத்தில் வீட்டுக்கு வரும் படிவங்களில் அன்றாடச் செயல்பாடு பற்றிய ஒன்றுண்டு. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை என்ன செய்கிறீர்கள், சமைப்பீர்களா, கடைக்குப் போவீர்களா, வீட்டுப் பிராணியைப் பார்த்துக்கொள்வீர்களா என்று அது கேட்கும். வெட்கப்பட்டோ வீராப்பிலோ ‘சமைப்பேன்’ என்று எழுதிவிடுகிறார்கள். முட்டை வேகவைக்க இரண்டு முறை உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது என்பதை எழுதுவதில்லை. ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து, விசாரணைக்குச் சில வாரம் முன்பு, கோப்பைத் திறக்கும் வக்கீல் முதலில் படிப்பது அந்த ‘சமைப்பேன்’ என்ற பதிலைத்தான்.