யனோமாமி பழங்குடி நிலம்

பிரேசிலின் வட எல்லையில், ரொரைமா, அமசோனாஸ் மாநிலங்களில் பரந்து கிடக்கும் மழைக்காட்டுப் பழங்குடிக் காப்பு நிலம். பரப்பு ஏறத்தாழ 96,000 சதுர கிலோமீட்டர். அந்நாட்டின் பழங்குடி நிலங்களுள் மிகப் பெரியது. எல்லைக்கு அப்பால் வெனிசுவேலாவிலும் யனோமாமி மக்கள் வாழ்கின்றனர். 2022 கணக்கெடுப்பின்படி இங்குள்ளோர் சுமார் 27,000 பேர். யெக்குவானா மக்களும் இவர்களுள் அடங்குவர். பல இடங்களில் ஓர் ஊரே ஒரு பெரிய வட்ட வீட்டில் குடியிருக்கும். நடுவே திறந்த முற்றம், குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, அடுப்பைச் சுற்றிக் கயிற்றுத் தூளிகள். வாழையும் மரவள்ளியும் பயிரிட்டு, வேட்டையும் மீன்பிடிப்புமாக வாழ்கிறார்கள்.

1973இல் இராணுவ அரசு இக்காட்டின் தென்பகுதி வழியே நெடுஞ்சாலை போடத் தொடங்கியது. தொழிலாளர்களோடு தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் வந்தன. நோயெதிர்ப்பு இல்லாத சில ஊர்கள் மக்களில் பாதிப்பேரை இழந்தன. சாலை முடியாமலே கைவிடப்பட்டது.

நிலத்தைக் காக்க 1978இல் ஓர் ஆணையம் உருவானது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் ஒளிப்படக் கலைஞர் கிளாவுதியா அந்துகார். தந்தைவழி உறவினரை நாஜி முகாம்களில் பறிகொடுத்தவர். 1980களின் தொடக்கத்தில் தடுப்பூசிக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். யனோமாமி மக்கள் தம் பெயரை வெளிப்படச் சொல்வதில்லை. ஆகவே மருத்துவப் பதிவுக்காக ஒவ்வொருவர் கழுத்திலும் எண் அட்டை தொங்கவிட்டுப் படம் எடுத்தார். தன் உறவினரைச் சாவுக்குக் குறித்த எண், இங்கே உயிர் காக்கும் குறியாக வேண்டும் என்பதே அவர் எண்ணம். அந்தப் படங்கள் இன்றும் நெஞ்சை உலுக்குகின்றன.

1987இல் தங்கவேட்டை தொடங்கியது. சில ஆண்டுகளில் சுமார் 40,000 சுரங்கக்காரர்கள் நுழைந்தனர்; மலேரியா பரவியது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்பட்ட பாதரசம் ஆற்றில் கலந்து, மீன் வழியே மனித உடலுக்குள் ஏறியது. நிலத்தை 19 துண்டுகளாகக் கூறுபோடும் அரசாணையும் அப்போதே வந்தது. யனோமாமித் தலைவர் தாவி கோப்பெனாவா நாடு நாடாகச் சென்று முறையிட்டார். அம்முயற்சிக்குப் பலன் கிடைத்தது: 1992 மே மாதம், ரியோ புவி மாநாட்டுக்குச் சில நாள்களுக்கு முன், அதிபர் பெர்னாந்து கோலோர் முழு நிலத்தையும் துண்டாக்காமல் உறுதிசெய்தார். பழங்குடிகளின் வெற்றிகளுள் இதற்கு ஈடானவை சிலவே.

ஆனால் காவல் இல்லாத எல்லை எவரையும் தடுப்பதில்லை. 1993இல் எல்லையோர ஹாஷிமூ ஊரில் சுரங்கக்காரர்கள் 16 பேரைக் கொன்றனர். அதைப் பிரேசில் நீதிமன்றம் இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. 2019க்குப் பின் கண்காணிப்பு தளர, ஆயிரக்கணக்கானோர் மீண்டும் நுழைந்தனர். உலர்ந்து எலும்பாய்ப் போன குழந்தைகளின் படங்கள் வெளியான 2023 சனவரியில், அதிபர் லூலா பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் நான்கு ஆண்டுகளில் சுமார் 570 குழந்தைகள் இறந்ததாக அரசே தெரிவித்தது. அதன்பின் படையினரும் சுற்றுச்சூழல் அதிகாரிகளும் சுரங்கக்காரர்களை வெளியேற்றும் பணியில் இறங்கினர். சுரங்கக்காரர்களின் சிறுவிமானங்களும் தூர்வாரும் பொறிகளும் அழிக்கப்பட்டன.