பூர்ஷ்வா வகுப்பு (முடியாட்சிக் கால பிரான்சு)

1789 புரட்சிக்கு முந்தைய பிரான்சில் மதகுருமார், பிரபுக்கள் ஆகிய இரு சலுகைப் பிரிவினருக்கும் அடுத்த நிலையில் வைக்கப்பட்ட மூன்றாம் எஸ்டேட்டின் வசதி படைத்த பகுதியினர். வணிகர், வழக்கறிஞர், மருத்துவர், நோட்டரி, அரசுப் பதவியாளர் முதலியோர் இதில் அடங்குவர். இடைக்காலத்தில் உரிமைப் பட்டயம் பெற்ற நகரங்களில் இவ்வகுப்பு வளர்ந்தது.

17ஆம் நூற்றாண்டில் இவர்களது ஏற்றத்துக்குப் பதவி விற்பனை வழிவிட்டது. பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலுத்தினால் அப்பதவியை வாரிசுக்கு விடலாம் என 1604இல் விதி வந்தது. அரசரின் செயலர் போன்ற சில பதவிகள் பிரபு அந்தஸ்தையே தந்தன. பிரபுக்களுக்கும் பல நகரவாசிகளுக்கும் 'தாய்' எனும் நேர்வரியிலிருந்து விலக்கு இருந்ததால், அதன் சுமை பெரும்பாலும் உழவர் தலையில் விழுந்தது. மூன்றாம் எஸ்டேட்டுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இருந்ததை இது காட்டுகிறது.

படை அதிகாரியாக நான்கு தலைமுறைப் பிரபுத்துவம் வேண்டும் என 1781இல் ஆணை பிறந்தது. இது பூர்ஷ்வாக்களைத் தடுக்கவே வந்தது என்பது பழைய கருத்து. பணத்தால் புதிதாகப் பிரபுவானவர்களையே அது குறிவைத்தது என்பாரும் உளர்.

மூன்று எஸ்டேட்டுகளின் பிரதிநிதிகள் கூடும் அவையான, 1614க்குப் பின் கூட்டப்படாத எஸ்டேட்ஸ் ஜெனரலுக்காக, 1789 வசந்தத்தில் ஊர்தோறும் குறைமனுப் புத்தகங்கள் எழுதப்பட்டன. உப்பு வரி, வேட்டை உரிமை, ஆண்டைக்குரிய கட்டணங்கள் என அன்றாட வலிகள் அவற்றில் வரிசையாக நிற்கின்றன. பல ஊர்களில் உள்ளூர் வழக்கறிஞர்களே எழுதியதால், உழவரின் குரல் அவற்றில் எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் அக்காலச் சான்றுகளில் இவற்றுக்கு நிகரானவை குறைவு.

எஸ்டேட்ஸ் ஜெனரலின் தொடக்கத்தையொட்டி மே 4 அன்று வெர்சாயில் நடந்த ஊர்வலத்தில் பிரபுக்கள் பொற்சரிகை உடையும் இறகுத் தொப்பியும் அணிந்து வந்தனர். மூன்றாம் எஸ்டேட் பிரதிநிதிகளுக்கு அரண்மனை விதித்ததோ கறுப்பு உடையும் இறகில்லாத தொப்பியும்தான். இப்பிரதிநிதிகளில் வழக்கறிஞரும் பதவியாளருமே மிகுதி, வணிகர் சிலரே. ஜூன் 17 அன்று அவர்கள் தம்மைத் தேசிய சபையாக அறிவித்தனர். சலுகைகளைத் துறப்பதாகச் சபை முடிவெடுத்த ஆகஸ்ட் 4 இரவுக்குப் பின் பதவி விற்பனையும் வரிச் சலுகைகளும் ஒழிந்தன. பரம்பரைப் பிரபுத்துவம் 1790 ஜூனில் நீக்கப்பட்டது.

எழும் பூர்ஷ்வா வகுப்பின் வெற்றியே புரட்சி என்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெபெவ்ர் (1939) கொண்டார். ஆல்பிரட் கோபன் (1964) அதை மறுத்தார். பிற்கால ஆய்வுகள் மொழி, நுகர்வு, அரசியல் பண்பாடு ஆகியவற்றின் பக்கம் திரும்பியுள்ளன.

ஏற்றத்தாழ்வு புரட்சிக்குப் பின்னும் நீடித்தது: 1791 அரசியலமைப்பு, மூன்று நாள் கூலிக்கு இணையான நேர்வரி செலுத்திய, 25 வயது நிறைந்த ஆண்களுக்கே வாக்குரிமை தந்தது. வீட்டு வேலையாட்களுக்கும் பெண்களுக்கும் அது கிட்டவில்லை.