கல்கிசைக் கடற்கரை: தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் பூங்கா

ஞாயிறு மாலைகளில் கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதம் கல்கிசையில் நின்றதும், இறங்கும் குடும்பங்களில் பல நேரே கடலை நோக்கி நடக்கின்றன. நிலையத்திலிருந்து மணலுக்குச் சில நிமிட நடைகூட இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. வெள்ளவத்தை, தெகிவளை அடுக்குமாடிகளில் முற்றமின்றி வாழ்பவர்களுக்கு இக்கரைதான் பூங்கா.

கரையோரப் புகையிரதப் பாதை 1877இல் இவ்வழியே மொறட்டுவை வரை திறக்கப்பட்டது. முன்னர் ஆளுநரின் இல்லமாக இருந்த கல்கிசை மாளிகை ஹோட்டலாக மாறியதும் அதே காலத்தில்தான். பாதை 1895இல் மாத்தறையையும் 2019இல் பெலியத்தையையும் எட்டியது.

காலி வீதி, தண்டவாளம், கடல் ஆகிய மூன்றும் இங்கு ஏறத்தாழ ஒரே திசையில் செல்கின்றன. பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸிலோ மொறட்டுவையிலிருந்து வரும் 101ஆம் இலக்க பஸ்ஸிலோ வருபவர் காலி வீதியில் இறங்கி, குறுக்கு வீதியொன்றால் நடந்து, இறுதியில் தண்டவாளத்தைக் கடந்தே மணலில் கால் வைக்க வேண்டும். இது இரட்டைப் பாதை. அலையோசையில் புகையிரதம் நெருங்கும் சத்தம் அமிழ்ந்துவிடும். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் பலர் அதையே நடைபாதையாகப் பயன்படுத்துகின்றனர். முதியவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ கடலைப் பார்த்தபடியே திரும்ப வேண்டியதுதான்.

வெள்ளவத்தையில் நிலைமை சற்று வேறு. அங்கு மரைன் டிரைவ் காலி வீதியின் நெரிசலைக் குறைத்தது. ஆனால் அந்த வீதியும் தண்டவாளத்தின் நிலப்பக்கத்திலேயே ஓடுகின்றது; கரையின் பல இடங்களில் மணலுக்குப் பதிலாகக் கருங்கற்களே கிடக்கின்றன. வாகனத்துக்கு வழி கிடைத்ததால் மட்டும் மக்களுக்குக் கரை கிடைத்துவிடாது.

கல்கிசையின் மணலும் நிலையானதல்ல. மேற்குக் கரையோரத்தில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கின்றது. களு கங்கை போன்ற ஆறுகள் கொண்டுவரும் மணல் அகழ்வினால் குறையும்போது, தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் அரித்ததை ஈடுசெய்ய முடிவதில்லை. 2020இல் கடலடியிலிருந்து மணல் எடுத்து இக்கரை செயற்கையாக நிரப்பப்பட்டது. பருவக்காற்று தொடங்கியதும் அதில் ஒரு பகுதி அள்ளுண்டு போனதால் அத்திட்டம் கடும் விமர்சனத்துக்குள்ளானது. மணல் என்பது உலாவும் இடம் மட்டுமல்ல, தண்டவாளத்துக்கும் அதுவே முதல் அரண். அது போனால் அடுத்து வருவது கருங்கல் அணைதான்.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் அபிவிருத்திக்கு அனுமதி தேவை. ஆனால் மணல் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும், தண்டவாளம் புகையிரதத் திணைக்களத்திடமும், குறுக்கு வீதிகள் தெகிவளை - கல்கிசை மாநகர சபையிடமும், காலி வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் இருக்கின்றன. பஸ் தரிப்பிடத்திலிருந்து அலை வரையிலான அந்தச் சிறு நடை நான்கு நிர்வாகங்களின் எல்லைகளைக் கடக்கின்றது.

பாதுகாப்பான கடவைகள், சாய்தளப் பாதை, நிழலுள்ள குறுக்கு வீதிகள், ஆண்டுதோறும் மணல் அளவைக் கண்காணித்தல் ஆகியவை புதிய நெடுஞ்சாலையைவிடச் செலவு குறைந்தவை. இந்த நான்கு நிர்வாகங்களும் ஒரே வரைபடத்தை முன்வைத்துப் பேசினால் போதும், பஸ்ஸில் வருபவருக்கும் புகையிரதத்தில் வருபவருக்கும் இக்கரை எஞ்சும்.