பீர்ஸ் பாடம்: மாணவரின் கருத்தை எப்படிக் கேட்க வேண்டும்?

உங்கள் பள்ளியில் பாலியல் கல்வி தனிப் பாடமாக இருக்காது. சுகாதாரக் கல்விக்குள் வரும் ‘பீர்ஸ்’ பகுதிதான் அது. இடைநிலைப்பள்ளிகளில் 1989 முதலே வேறு வேறு பெயர்களில் இருந்து வருகிறது.

2021 ஏப்ரலில் சிலாங்கூரைச் சேர்ந்த 17 வயது மாணவி ஒருவர், சிறாரைப் பாதுகாக்கும் சட்டம் பற்றிப் பேசிய வகுப்பிலேயே ஆசிரியர் பாலியல் வன்கொடுமையை வைத்து ஜோக் அடித்ததாக டிக்டாக்கில் சொன்னார். ஆதரவு குவிந்தது, மிரட்டலும் வந்தது. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு பாடத்தைப் பற்றி மாணவர் சொன்ன கருத்துதான்.

அதனால் முதல் நிபந்தனை, சொன்னவர் யாரென்று தெரியக்கூடாது. கூகுள் ஃபார்ம் கொடுத்தால், மின்னஞ்சலைச் சேகரிக்கிறதா என்று பாருங்கள். டெலிமா கணக்கின் மின்னஞ்சல் பதிவானால் உங்கள் பெயர் தெரிந்துவிடும். பெயரில்லாத தாளும் ஒரு பெட்டியும் இதைவிட மேல்.

“பாடம் பிடிச்சிருந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் “ஆமா” என்றுதான் எழுதுவோம். “எந்தப் பகுதியை டீச்சர் வேகமா தாண்டிட்டாங்க? எதைக் கேட்க வெட்கமா இருந்தது?” என்று கேட்டால்தான் அடுத்த வகுப்பை மாற்ற முடியும்.

மொழியையும் கேட்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ்ப்பள்ளி முடித்து வருகிற பலருக்கு, உடல் பற்றிய சொற்கள் மலாயில் தேர்வுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லத் தமிழில் வாய் வராது.

ஒன்று மட்டும்: உங்களுக்கு நடந்த தொல்லையை இந்தப் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்கு தாலியான் காசே, 15999.