அழகு–பயன்பாட்டு விளைவு

அழகு–பயன்பாட்டு விளைவு என்பது, கண்ணுக்கு அழகாக அமைந்த திரையைக் கையாள்வதும் எளிது என்று பயனர்கள் கருதிவிடும் போக்கு. இணையதளம், செல்பேசிச் செயலி, பல்லூடகப் பாடம் ஆகியவற்றின் வடிவமைப்பில் இது அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அழகு மதிப்பீட்டை மாற்றுகிறதா என்ற கேள்வியில் தொடங்கிய ஆய்வுகள், எப்போது மாற்றுகிறது, எங்கே தோற்றுப்போகிறது என்ற கேள்விகளுக்கு நகர்ந்ததே இதன் வரலாறு.

முன்னோடிகள்

அழகு பற்றிய விருப்பத்தைச் சோதனை வழியே அளக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் குஸ்டாவ் ஃபெக்னர் வெவ்வேறு விகிதங்களில் அமைந்த செவ்வகங்களை மக்களிடம் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். அவருடைய அழகியல் நூல் 1876இல் வெளிவந்தது. 1920இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக், ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் அவருடைய தனித்தனிக் குணங்களுக்குத் தரப்படும் மதிப்பெண்களிலும் படிவதைக் காட்டினார். ‘ஒளிவட்ட விளைவு’ என்று பெயர்பெற்ற இப்போக்கு முகத்தோற்றத்திலும் உண்டு: அழகான முகம் உடையவர்களை நல்ல குணம் உடையவர்களாகவும் மக்கள் எண்ணுவதை 1972இல் கேரன் டயன் குழுவினரின் ஆய்வு காட்டியது.

ஏ.டி.எம். ஆய்வுகள்

மனித முகத்துக்குப் பொருந்தியது இயந்திரத்தின் திரைக்கும் பொருந்தும் என்பதை 1995இல் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தின் மசாக்கி குரோசு, கவோரி கஷிமுரா இருவரும் காட்டினர். ஏ.டி.எம். திரைக்கான 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு அழகு, எவ்வளவு எளிது என்று மதிப்பிடச் செய்தனர். எண் பொத்தான்கள் தொலைபேசியில் உள்ள வரிசையில் இருப்பது, ரத்துப் பொத்தான் மற்றவற்றிலிருந்து தள்ளி இருப்பது போன்றவை உண்மையிலேயே கையாளுதலை எளிதாக்குபவை. ஆனால், எளிது என்ற மதிப்பீடு இவற்றைவிட அழகைப் பற்றிய மதிப்பீட்டோடுதான் நெருங்கி நின்றது. இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.589.

அழகுணர்வுக்குப் பேர்போன ஜப்பானுக்கு மட்டுமே உரிய முடிவோ இது என்று இஸ்ரேலிய ஆய்வாளர் நோவம் டிராக்டின்ஸ்கி ஐயுற்றார். தம் நாட்டில் தொடர்பு வலுக்குறைந்திருக்கும் என எதிர்பார்த்து, அதே அமைப்புகளைக் கொண்டு சோதித்தார். 1997இல் அவர் வெளியிட்ட முடிவில் தொடர்பு ஜப்பானைவிட வலுவாகவே இருந்தது. 2000இல் அவரும் சக ஆய்வாளர்களும் இன்னொரு படி சென்றனர். கணினியில் உருவாக்கிய ஏ.டி.எம். ஒன்றில் சிலருக்குப் பதில் தாமதமாக வரும்படியும், பொத்தான் முதல் அழுத்தலில் வேலை செய்யாதபடியும் வைத்தார்கள். பயன்படுத்தி முடித்த பிறகும் பயனர்களின் மதிப்பீட்டில் எதிரொலித்தது அழகுதான். இந்தக் கோளாறுகள் அல்ல.

முதல் பார்வை

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர், இணையப் பக்கங்களை வெறும் 50 மில்லிவினாடி காட்டி மதிப்பெண் கேட்டனர். அந்த மதிப்பெண்கள், 500 மில்லிவினாடி காட்டியபோது கிடைத்தவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன (2006). பக்கத்தைப் படிக்கப் போதாத அந்த 50 மில்லிவினாடியில் பயனர் பார்த்தது தோற்றத்தை மட்டுமே. நெரிசல் குறைந்த, அந்த வகைத் தளத்துக்குப் பழகிய அமைப்புள்ள பக்கங்களே முதல் பார்வையில் கூடுதலாகப் பிடிக்கின்றன என்பதை 2012இல் அலெக்சாண்டர் டுக் குழுவினர் கண்டறிந்தனர்.

மறுப்புகள்

எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. எம்.பி.3 இயக்கி மென்பொருளின் தோற்றங்களை ஒப்பிட்ட மார்க் ஹாசென்சால் (2004), அழகு என்ற மதிப்பீடு எளிமையைவிட, ‘இது எனக்கு ஏற்றது’ என்ற உணர்வோடுதான் ஒட்டியிருப்பதைக் கண்டார். 2012இல் வெளிவந்த டுக் குழுவினரின் மற்றோர் ஆய்வில் முடிவு தலைகீழாயிற்று: கையாளச் சிரமமான இணையக் கடையில் எரிச்சலடைந்தவர்கள், பயன்படுத்திய பிறகு அதன் அழகுக்கும் குறைவான மதிப்பெண் இட்டனர்.

பல்லூடகப் பாடங்களில்

கற்றலில் அழகின் பயன் அது எங்கே சேர்கிறது என்பதைப் பொறுத்தது. மின்னல் உருவாகும் விதத்தை விளக்கும் பாடத்தில், மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளையும் படங்களையும் சேர்த்தபோது மாணவர்கள் முக்கியக் கருத்துகளைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர் என்று ஷானன் ஹார்ப்பும் ரிச்சர்டு மேயரும் 1998இல் காட்டினர். ஆனால், வைரஸ் சளியை உண்டாக்கும் விதத்தை விளக்கும் பாடத்தில் வைரஸுக்கும் உயிரணுவுக்கும் முகபாவம் வரைந்தபோது கற்றல் மேம்பட்டது (மேயர், எஸ்ட்ரெல்லா, 2014). முதலாவதில் அழகு பாடத்துக்குப் பக்கத்தில் நின்று கவனத்தைப் பங்குபோட்டது. இரண்டாவதில் பாடப்பொருளின் மேலேயே அமர்ந்தது.

வடிவமைப்பு நடைமுறையில்

டொனால்டு நார்மன் 2004இல் வெளியிட்ட, வடிவமைப்பில் உணர்ச்சியின் இடம் பற்றிய நூல் அழகானது எளிதாகவும் தோன்றும் என்ற கருத்தைத் தொழில்துறையில் பரப்பியது. பயனர் சோதனையில் ‘எளிதாக இருந்ததா?’ என்ற கேள்விக்கு வரும் விடையை மட்டும் நம்பாமல், வேலையை முடிக்க ஆன நேரத்தையும் நேர்ந்த தவறுகளையும் தனியே அளப்பதற்கு இந்த விளைவும் ஒரு காரணம்.