ஒரு விஞ்ஞானக் கழகம் உலகப் புகழ் தேடிய வரலாறு



அரசாங்க அறிக்கைகள் பொதுவாகக் கனவு காண்பதில்லை. எண்களும் அட்டவணைகளும் சிபாரிசுகளுமாகத் தொடங்கி, அவ்வாறே முடிந்துவிடுவது அவற்றின் இயல்பு. ஆனால் 1970ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் தென்கொரியாவின் உயர்கல்வி பற்றி எழுதப்பெற்ற ஓர் அறிக்கை, தன் இறுதிப் பகுதிக்கு ‘எதிர்காலக் கனவு’ என்றே பெயர் சூட்டிக்கொண்டது. இன்னும் கட்டப்படாத, ஒரு மாணவரையேனும் சேர்த்திராத ஒரு கல்விக்கூடம் 2000ஆம் ஆண்டளவில் உலகத்தார் மதிக்கும் நிலையமாக விளங்கும் என்பது அந்தக் கனவு. அதனை எழுதிய குழுவின் தலைவர் கவிஞர் அல்லர். பிரெடரிக் டேர்மன் என்னும் பொறியியலாளர். அமெரிக்காவின் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தை உயர்த்தி, அதன் சுற்றாடலில் மின்னணுத் தொழில்கள் முளைக்கக் காரணராயிருந்தவர் அவரே.

அன்றைய கொரியாவின் நிலையை எண்ணிப் பார்த்தால் அக்கனவின் துணிச்சல் விளங்கும். 1953ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபோது நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தெற்கே இருந்த பல்கலைக்கழகங்களில் ஆய்வுகூடங்கள் பெயரளவில் இருந்தன. கூர்மதி படைத்த இளைஞர் அமெரிக்கா சென்று கலாநிதிப் பட்டம் பெற்றனர். பெற்றவருட் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பி வந்தவன் செய்வதற்கு அங்கே வேலை எங்கே இருந்தது?

முதல் முயற்சி 1965ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. வியட்நாம் போருக்குத் தென்கொரியப் படை அனுப்பப்பட்ட காலம் அது. ஜனாதிபதி பார்க் சுங் ஹீயும் அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனும் சந்தித்தபோது, கொரியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்க அமெரிக்கா உதவும் என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் அந்நிலையம் சியோல் நகரில் தோன்றிற்று. விஞ்ஞானத்தின் வரலாற்றில் போரின் நிழல் விழாத பக்கங்கள் சிலவே போலும். ஆயினும், ஆராய்ச்சி நிலையம் ஆய்வாளரைப் பயன்படுத்தும், உருவாக்காது. உருவாக்கும் இடம் வேறாக வேண்டியிருந்தது.

அந்த இடத்துக்குத் திட்டம் வரைந்தவர் முப்பது வயதை எட்டாத ஒரு பௌதிகவியலாளர். சுங் குன்மோ என்பது அவர் பெயர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, நியூயோர்க்கில் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் கற்ற பல்கலைக்கழகத்தின் தலைவராய் இருந்த ஜோன் ஹனா, 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குத் தலைவரானார். பழைய மாணவன் பழைய தலைவரிடம் திட்டத்தைக் கொண்டுசென்றான். அதன் பயனாகவே டேர்மன் தலைமையில் ஐவர் குழு கொரியாவுக்கு வந்தது. சுங் குன்மோவும் அவ்வைவருள் ஒருவரானார். 60 இலட்சம் டொலர் கடனும் கிடைத்தது.

1971ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆந் திகதி கழகம் நிறுவப்பெற்றது. இன்று அதனை ‘கைஸ்ட்’ என்னும் குறும்பெயரால் உலகம் அறியும். அது கல்வி அமைச்சின்கீழ் வைக்கப்படவில்லை. விஞ்ஞான தொழில்நுட்ப அமைச்சின்கீழ் வைக்கப்பட்டது. கல்வி அமைச்சு இதனை விரும்பவில்லை. பழைய பல்கலைக்கழகங்களும் விரும்பவில்லை. ஆனால் புதிய மனையைக் கட்டுவோர் பழைய வீட்டின் வழக்குகளை உள்ளே கொண்டுவர மறுத்துவிட்டனர்.

நேயர்கள் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இந்தக் கழகம் மாணவரை ஈர்த்தது எவ்வாறு? அங்கே சேர்ந்தவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அரசாங்கமே செலவை ஏற்றது. அதனினும் பெரிய சலுகை மற்றொன்று. கொரிய இளைஞர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் இராணுவ சேவை செய்ய வேண்டியிருந்த காலத்தில், கைஸ்ட் மாணவர் சில வாரப் பயிற்சியோடு விடுபட்டனர். அதற்கு ஈடாக, பட்டம் பெற்றபின் உள்நாட்டுத் தொழிலிலோ ஆய்விலோ சில ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டனர். வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியருக்கு நல்ல சம்பளமும் குடியிருக்க வீடும் அளிக்கப்பட்டன. கவலைகளை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, இனிப் படியுங்கள் என்று சொன்ன ஏற்பாடு அது. அதன் முதற் சீர்திருத்தம் இதுவேயாகும்.

பயன் விரைவில் தெரிந்தது. 1973ஆம் ஆண்டில் முதல் மாணவர் சேர்ந்தனர். 1975இல் முதற் பட்டதாரிகள் வெளியேறினர். தொடக்க காலத்தில் இங்கே முதுமாணிப் பட்டம் பெற்ற குவொன் ஓ ஹியுன் பிற்காலத்தில் சம்சுங் மின்னணு நிறுவனத்தை நடத்தினார். நேவர் என்னும் இணையத் தேடல் நிறுவனத்தைத் தொடங்கிய லீ ஹே ஜின்னும் இக்கழகத்திற் கற்றவரே. இடையில் 1981இல் கழகம் பழைய ஆராய்ச்சி நிலையத்தோடு இணைக்கப்பட்டதும், 1989இல் மீண்டும் பிரிந்து தேஜொன் நகருக்குப் பெயர்ந்ததும், அங்கே இளமாணி மாணவரையும் சேர்த்துக்கொண்டதும் நிர்வாக வரலாறு, விரித்துரைக்க வேண்டியதில்லை. 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொரியாவின் முதற் செய்மதி விண்ணிற் சென்றது. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்துக்குச் சென்று அதனைக் கட்டுவதற்குக் கற்றுக்கொண்டவர்கள் கைஸ்ட் மாணவரே. 2000ஆம் ஆண்டு வந்தபோது டேர்மனின் கனவு பெருமளவு பலித்திருந்தது என்றே சொல்லலாம்.

ஆனால் அதற்குள் உலகம் வேறொரு அளவுகோலைக் கையில் எடுத்திருந்தது. பல்கலைக்கழகங்களை முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் பட்டியல்கள் 2003ஆம் ஆண்டில் ஷாங்ஹாயிலிருந்தும், 2004ஆம் ஆண்டில் லண்டனிலிருந்தும் வெளிவரத் தொடங்கின. கொரியாவுக்குள் முதன்மை பெற்றாற் போதாது. பட்டியலிலும் ஏறவேண்டும் என்ற ஆவல் பிறந்தது.

2004ஆம் ஆண்டில், பௌதிகத்துக்கு நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கர் ரொபேட் லொஃப்லின் கழகத்தின் தலைவராக அழைக்கப்பட்டார். வெளிநாட்டார் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை. கட்டணம் அறவிட வேண்டும், கழகம் தனியார் பல்கலைக்கழகம்போல நடக்க வேண்டும் என்பன அவர் யோசனைகள். பேராசிரியர்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். இரண்டு ஆண்டுகளில் அவர் புறப்பட்டுச் சென்றார்.

அவருக்குப் பின் 2006ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்தவர் சூ நம் பியோ. கொரியாவிற் பிறந்து, இளவயதில் அமெரிக்கா சென்று, மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் துறைக்குப் பத்தாண்டு தலைமை தாங்கியவர். எழுபது வயதில் தாய்நாட்டுக்குத் திரும்பிய அவர், தாம் விட்டுவந்த கழகத்துக்குச் சமமாக இதனை ஆக்குவதென்று உறுதிபூண்டார். லொஃப்லினால் முடியாததை அவர் செய்து முடித்தார் என்பதில் ஐயமில்லை.

முதலில் பேராசிரியர் மீது கை வைத்தார். கொரியாவில் நிரந்தர நியமனம் என்பது அதுவரை காலம் கடந்தால் தானே வரும் வரமாக இருந்தது. 2007ஆம் ஆண்டில் நிரந்தர நியமனம் கோரிய 35 பேரில் 15 பேர் மறுக்கப்பட்டனர். நாடு முழுவதும் அதிர்ந்தது, பத்திரிகைகள் பாராட்டின. அடுத்து, வகுப்புகள் யாவும் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்றார். மூன்றாவது சீர்திருத்தம் மாணவர் சேர்க்கையில். விசேட விஞ்ஞானப் பாடசாலைகளில் பயின்றோரே பெரும்பாலும் சேர்ந்துவந்த கழகத்தில், 2010ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கெனப் பொதுப் பாடசாலை அதிபர்களின் சிபாரிசுக்கு 150 இடங்கள் ஒதுக்கப்பட்டன. நேர்முகத் தேர்வே அதற்கு அடிப்படை. இது நல்ல சீர்திருத்தம் என்பது என் கருத்து. நகரத்துத் தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் அது கதவைத் திறந்தது.

நான்காவது சீர்திருத்தமே நம் கதையின் முள். 2007ஆம் ஆண்டிலிருந்து சேர்ந்த இளமாணி மாணவருக்கு, 4.3 என்ற உச்ச அளவில் சராசரிப் புள்ளி 3.0இலும் குறைந்தால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்கு குறையுந்தோறும் தொகை ஏறும். மிகக் குறைந்தவர் ஒரு தவணைக்குச் செலுத்த வேண்டியது 60 இலட்சம் வொன்னைத் தாண்டும். மக்களின் வரிப்பணத்திற் படிப்பவர், படிக்காவிடில் அதற்குப் பொறுப்பேற்க வேண்டாமா என்பது தலைவரின் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பல பாடங்களில் புள்ளிகள் மாணவரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டே இடப்பட்டன. எல்லாரும் இரவு பகலாகப் படித்தாலும் யாரோ சிலர் கீழே இருந்தே தீரவேண்டும். 2010ஆம் ஆண்டில் இவ்வாறு கட்டணம் செலுத்தியோர் ஆயிரம் பேர் அளவில். அதாவது எட்டு மாணவருள் ஒருவர்.

பட்டியலில் கழகம் ஏறிற்றா என்று கேட்பீர்கள். ஏறிற்று. லண்டன் பட்டியலில் 2006ஆம் ஆண்டில் 198ஆவது இடத்தில் இருந்தது, 2009ஆம் ஆண்டில் 69ஆவது இடத்துக்கு வந்தது. அப்பட்டியல் கணிக்கப்பட்ட முறை சுவையானது. நூற்றுக்கு நாற்பது புள்ளி பிற பல்கலைக்கழகத்தாரின் அபிப்பிராயத்துக்கு. இருபது, ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு. இருபது, ஆய்வுகள் மேற்கோள் காட்டப்படுவதற்கு. பத்து, தொழில் கொடுப்போரின் அபிப்பிராயத்துக்கு. எஞ்சிய பத்து, வெளிநாட்டு ஆசிரியர் மாணவர் தொகைக்கு. ஆங்கில வகுப்புகள் வெளிநாட்டாரை வரவழைக்கும். கண்டிப்பான நியமனம் ஆய்வை வளர்க்கும். மாணவன் உறங்கினானா, நண்பனோடு பேசினானா என்பதற்கு அந்நூறில் ஒரு புள்ளியேனும் இல்லை.

2011ஆம் ஆண்டு ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கழகத்தின் இளமாணி மாணவர் நால்வர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். ஒவ்வோர் உயிருக்குப் பின்னாலும் வெளியார் அறிய முடியாத துயரம் இருக்கும். கட்டணம் ஒன்றே காரணம் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் நீதியாகாது. ஆயினும், புதிய வாயிலால் உள்ளே வந்த பிள்ளை, அயல்மொழியில் நடந்த கணித வகுப்பில் தடுமாறியபோது, அத்தடுமாற்றத்துக்கு வீட்டுக்குப் பணச்சீட்டு அனுப்பிய ஏற்பாட்டைக் குற்றமற்றது என்று எவரும் சொல்லத் துணியார். திறந்த கதவும் தண்டக் கட்டணமும் ஒரே கையால் இயற்றப்பட்டவை; ஒன்றை மற்றொன்று அறியவில்லை. பேராசிரியருக்கு விதித்த கண்டிப்பை இதனோடு சேர்த்துப் பேசுவாரும் உண்டு. நான் சேர்க்க மாட்டேன். நிரந்தர நியமனம் மறுக்கப்பட்ட பேராசிரியர் கற்றுத் தேர்ந்தவர். வேறு இடம் தேடும் வலிமை உடையவர். பதினெட்டு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்ளவே வந்தவன்.

அந்த ஏப்ரலில் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றி விளக்கமளிக்க நேர்ந்தது. தண்டக் கட்டணம் கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 13ஆந் திகதி மாணவர் பெருங்கூட்டம் ஒன்றைக் கூட்டினர். போட்டியை அடிப்படையாகக் கொண்ட சீர்திருத்தம் தோல்வி என்று தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பிரேரணை அங்கே வந்தது. வந்திருந்தோர் 852 பேர். ஆதரவு 416, எதிர்ப்பு 317, வாக்களிக்காதோர் 119. அரைப்பங்கைத் தாண்டாமையால் பிரேரணை தோற்றது. நான்கு தோழரை இழந்த மாணவர்கள், சினத்தின் நடுவிலும் எல்லாம் தவறென்று கூறத் தயங்கினர். கழகத்தின் தீர்மானங்களில் மாணவருக்கும் குரல் வேண்டும் என்ற கோரிக்கையோ நிறைவேறிற்று. பின்னர் அமைக்கப்பட்ட விசேட குழுவில் மாணவர் பிரதிநிதிகளும் அமர்ந்தனர்.

சூ நம் பியோ 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில், இரண்டாம் பதவிக் காலம் முடியுமுன்பே விலகினார். கழகம் இறங்கிவிடவில்லை. தண்டக் கட்டணம் நீங்கிய பின்னும் பட்டியலில் அதன் இடம் உயர்ந்தே வந்தது. 2015ஆம் ஆண்டில் 43ஆவது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவில் நடந்த இயந்திர மனிதர் போட்டியில், பேராசிரியர் ஓ ஜுன் ஹோவின் குழு செய்த ‘ஹூபோ’ முதலிடம் பெற்று 20 இலட்சம் டொலர் பரிசை வென்றது. கதவைத் திறந்து, படியேறி, வால்வைத் திருகும் அந்த இயந்திரம், நடக்க வேண்டிய இடத்தில் முழந்தாளிட்டுச் சக்கரத்தில் உருண்டது. விழாமல் இருப்பதற்கு அவர்கள் கண்ட உபாயம் அது; அப்போட்டியில் நிமிர்ந்து நடந்த இயந்திரங்கள் பல விழுந்தன.

2021ஆம் ஆண்டில் கழகம் தன் வளாகத்துக்குள் தோல்வியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையத்தை அமைத்தது. புள்ளியின் நூறில் ஒரு பங்குக்கு விலை குறித்த அதே கழகந்தான். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நிலையம் சில நாள்களைத் தோல்விகளுக்கென ஒதுக்கியது. மாணவர்கள் மேடையேறி, பிழைத்துப்போன தம் ஆய்வுகளையும் நிறைவேறாத முயற்சிகளையும் சொல்லிக் காட்டினர். கூடியிருந்தோர் சிரித்தனர், கைதட்டினர், நன்றாய்த் தோற்றதைச் சொன்னவருக்குப் பரிசும் வழங்கப்பட்டது.