என் தொட்டியில் ஐந்து கோரி மீன்களும், அவற்றின் பெயர்க் கதையும்



போன வாரம் என் மீன்தொட்டிப் படத்தைப் போட்டதும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், அடியில மேயுற அந்தக் குட்டி மீசை மீன் என்ன? வேற வேற நிறமா இருக்கே, சண்டை போடாதா?" என்று. ஒரு மாணவி, தன் மகளுக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று என்று நான்கு வாங்கப் போவதாக எழுதியிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. வகுப்பிலும் எனக்கு அந்தக் குணம்தான், உங்களுக்குத் தெரியும்.

அதன் பெயர் கோரிடோராஸ். சுருக்கமாகக் கோரி. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் சிறு கெளுத்தி. உடம்பின் இரு பக்கமும் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்தது போல் இரண்டு வரிசையாக இருக்கும். 1803இல் லாசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் கோரி என்றால் தலைக்கவசம்.

இதற்குள் சார்லஸ் டார்வினும் வருகிறார். எட்டாம் வகுப்பில் பீகிள் கப்பலைப் பற்றி உங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தப் பயணத்தில் அவர் சேர்த்துக் கொண்டுவந்த மீன்களை வகைப்படுத்தும் வேலை லெனார்டு ஜெனின்ஸ் என்ற பாதிரியாரிடம் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கப்பலில் போகும் வாய்ப்பு முதலில் இந்த ஜெனின்ஸுக்குத்தான் வந்தது. திருச்சபைப் பொறுப்பை விட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டார். டார்வின் போனார். போகாதவர் வீட்டில் உட்கார்ந்து, போனவர் கொண்டுவந்த மீனுக்கு 1842இல் பேலியேட்டஸ் என்று பெயர் வைத்தார். மிளகு தூவியது போல் புள்ளி போட்ட அந்தக் கோரி இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பாரிஸில் கார்போனியே என்பவர் 1878லேயே அதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார். மின்சார ஹீட்டர், மோட்டார் எதுவும் இல்லாத காலம். அது குளிர்ந்த நீரைத் தாங்கும் மீன் என்பதால்தான் அது முடிந்தது என்பது என் எண்ணம்.

இனி என் கதை. பணி ஓய்வு பெற்ற மறு வருடம் தொட்டி வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "எல்லாமே கோரிதான் டீச்சர், ஒண்ணாப் போட்டா ஒண்ணோட ஒண்ணு இருந்துக்கும்" என்றார். நானும் வகுப்பறை மாதிரி நினைத்துக்கொண்டேன். பழுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, 'ஜூலி' என்று சொல்லிப் புள்ளி போட்டது இரண்டு, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டு உள்ள பாண்டா ஒன்று. மொத்தம் ஐந்து.

சண்டை வரவில்லை. கோரிகள் சண்டைக்காரர்கள் அல்ல. ஆனால் பாண்டா பில்டருக்குப் பின்னாலேயே கிடந்தது. தீனி போட்டால் மற்றவை வரும், அது வராது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி தொட்ட ஒரு காலையில் மிதந்தது. பேரன் அழுதான். "பாட்டி, அதுக்கு என்ன ஆச்சு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொன்னவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். வாங்குமுன் செய்திருக்க வேண்டிய வேலை.

பாண்டா, பெரு நாட்டின் உகாயாலி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 1971இல்தான் அதற்குப் பெயர் கிடைத்தது. மலையடிவாரத்துத் தண்ணீருக்குப் பழகியது, 25 டிகிரிக்குள் இருந்தால் சுகம். நம் ஊர் கோடை அதற்கு அடுப்பங்கரை. அதோடு, கோரிகள் கூட்டமாக வாழ்பவை; தன் இனத்தைத்தான் கூட்டம் என்று எடுத்துக்கொள்கின்றன. வேறு இனத்தார் நாலு பேர் சுற்றியிருந்தும் அது தனிதான்.

அப்புறம் ஓர் ஆச்சரியம். எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிந்தவை அந்தப் பழுப்பும் வெள்ளையும். வெளுத்த நிறம், சிவந்த கண், வேறு மீன் என்றே நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே இனமாம், ஈனியஸ். வெள்ளையாக இருப்பது நிறமி இல்லாமல் பிறந்தது, அவ்வளவே.

'ஜூலி' என்று விற்றதும் ஜூலி அல்ல. கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் டிரைலினியேட்டஸ் என்ற வேறு இனம். தலையில் தனித்தனிப் புள்ளி இருந்தால் ஜூலி. புள்ளிகள் சேர்ந்து கோலம் போட்டது போல் நெளிந்தால் மற்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோலம்தான்.

இதைவிடப் பெரிய ஏமாற்று ஆற்றிலேயே நடக்கிறது. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றின் மேற்பகுதியில் அடால்ஃபோயி என்றொரு கோரி. வெளிர் உடம்பு, முதுகில் கறுப்புக் கோடு, பிடரியில் ஆரஞ்சுத் திட்டு. 1982இல் பெயரிட்டார்கள். மறு வருடமே, அதே உடையில் கொஞ்சம் நீண்ட மூக்கோடு இன்னொன்றுக்குப் பெயர் வைத்தார்கள், இமிட்டேட்டர் என்று. பார்த்து நடிப்பவன்! 1995இல் இன்னும் நீளமான மூக்கோடு செராட்டஸ். மூன்றும் ஒரே சீருடை. கோரியின் துடுப்பு முள்ளில் லேசான விஷம் உண்டு. தின்ன வரும் பெரிய மீன் ஒரு முறை குத்துப்பட்டால் அந்த உடையையே தவிர்க்கும். அதனால் எல்லாருக்கும் அதே உடை லாபம். 2011இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இப்படி ஒன்றாகத் திரியும் ஒத்த நிறக் கோரிகள் பெரும்பாலும் நெருங்கிய சொந்தங்களே அல்ல என்று காட்டியது. மூக்கின் நீளம் வேறு, தின்பது வேறு, அதனால் போட்டி இல்லை. நெருங்கிய சொந்தம் என்றால் ஒரே தட்டுக்குக் கை நீட்டும் அல்லவா? (பங்காளி வீட்டுக் கதை தெரிந்த உறவுகள் சிரிக்க வேண்டாம்.)

2024இல் மரபணுவை வைத்து இந்தக் குடும்பத்தையே பிரித்து எழுதிவிட்டார்கள். நீண்ட மூக்குக்காரர்கள் மட்டும் கோரிடோராஸ் என்று நின்றார்கள். டார்வின் மீனும் பாண்டாவும் ஹோப்லிசோமா ஆயின. என் பழுப்பும் வெள்ளையும் ஆஸ்டியோகாஸ்டர். பெயர் என்பது கல்வெட்டு என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாடத்தை இப்போது நீங்கள் அடித்துவிடலாம்.

ஆகவே மகளே, உன் பெண்ணுக்கு நிறத்துக்கு ஒன்றாக வாங்காதே. ஒரே இனத்தில் ஆறு வாங்கு. நம் வெயிலுக்கு ஈனியஸ் தாங்கும், பாண்டா வேண்டாம். மீசை தேயாமல் இருக்கக் கூரான கல்லை எடுத்துவிட்டு மெல்லிய மணல் போடு. தொட்டி பெரிதாக இருந்து, இன்னொரு இனமும் வேண்டுமென்றால் அதிலும் ஆறு, அதே வெப்பத்தில் வாழக்கூடியதாகப் பார்த்து வாங்கு. நெருங்கிய இனங்கள் தொட்டியில் கலந்து முட்டை வைப்பதும் உண்டு. அப்படிப் பிறந்த குஞ்சுகளை மட்டும் பெயர் சொல்லி யாருக்கும் கொடுத்துவிடாதே.

என் தொட்டியில் இப்போது ஈனியஸ் ஒன்பது. ஐப்பசி மழையில் குளிர்ந்த தண்ணீர் மாற்றிய இரவில் கண்ணாடி முழுக்க முட்டை ஒட்டி வைத்தன. பதினான்கு குஞ்சு பிழைத்து, தனித் தொட்டியில் விரல்நுனி அளவு வளர்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட டப்பா ஒன்று எடுத்துக்கொண்டு உன் பெண்ணையும் கூட்டி வா, ஆறு தருகிறேன். வெள்ளையில் இரண்டு வேண்டுமென்றால் அவளே பொறுக்கிக்கொள்ளட்டும்.